புளூட்டோ தலைமுறையும் பாட்டுத் தலைமுறையும்: பிறந்த ஆண்டுக்கும் இசைக்கும் தொடர்பு உண்டா?

தந்திவீணை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக மேலைநாட்டு ஜோதிடம் படித்து வருகிறேன். அதில் என்னை மிகவும் இழுத்த ஒரு பகுதியைப் பற்றிப் பேச ஆசை. கட்டமும் தெரிந்து சுரமும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் இங்கேயே போடுகிறேன்.

சந்திரன், புதன், சுக்கிரன் போல வேகமாக நகர்பவை தனி மனிதரைக் காட்டும். யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் மெதுவாக நகர்வதால் ஒரு தலைமுறையையே காட்டும். இதுதான் அவர்கள் கணக்கு. யுரேனஸ் ஒரு ராசியில் சுமார் 7 ஆண்டு, நெப்டியூன் சுமார் 14 ஆண்டு. புளூட்டோவின் பாதை நன்றாக நீண்ட வட்டம் என்பதால் விருச்சிகத்தைப் 12 ஆண்டில் கடந்துவிடும், ரிஷபத்தில் 30 ஆண்டு கிடக்கும். சுற்று முடிய 248 ஆண்டு. சாயனக் கணக்குப்படி, அதாவது மேலைநாட்டார் ராசி பிரிக்கும் முறையில், 1939 வாக்கில் சிம்மத்துக்கு வந்தது. 1957 வாக்கில் கன்னி, 1972 வாக்கில் துலாம், 1984 வாக்கில் விருச்சிகம், 1995ல் தனுசு, 2008ல் மகரம்.

இப்போது இசைக்கு வருவோம். ஜான் லெனன் 1940, பாப் டிலன் 1941, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1942, மிக் ஜாகர் 1943, நம் இளையராஜா 1943. எல்லோருக்கும் புளூட்டோ சிம்மத்தில். தன் முத்திரையைப் பாட்டின் மேல் பெரிதாகக் குத்திய தலைமுறை அது.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. 1965-66ல் யுரேனஸும் புளூட்டோவும் கன்னியில் சேர்ந்தன. அதற்கு முந்தைய சேர்க்கை 1850-51ல்தான். பழையதைப் புரட்டிப் போடும் சேர்க்கை என்று நூல்கள் சொல்கின்றன. இரண்டும் இன்னும் விலகாமல் நெருக்கமாக இருந்தபோது, 1967 ஜனவரி 6 அன்று சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் பிறக்கிறார். பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் பிறக்கிறார். ஆறே வாரம் இடைவெளி. கோபேனின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் 1991 செப்டம்பரில் வந்தது, 'ரோஜா' 1992 ஆகஸ்டில் வந்தது. இரண்டு பேரும் இருபத்தைந்தைத் தொட்ட வயதில், தங்கள் நாட்டில் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதையே மாற்றிவிட்டார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

எட்டுத்தடம்:

ரகுமானும் கோபேனும் ஆறு வார இடைவெளியில் பிறந்தவர்கள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை ஒலிப்பதிவு செய்பவனாக நான் பார்க்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது.

1980களில் சென்னையில் சினிமாப் பாட்டு எப்படிப் பதிவானது? வயலின் வரிசை, தபேலா, குழல், கிதார், கோரஸ் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நொட்டேஷன் காலையில் கைக்கு வரும். ஒத்திகை முடித்து மொத்தமாக வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. அந்த ஒழுங்கிலிருந்து வந்த அழகுதான் அந்தக் காலத்துப் பாட்டு. 1983ல் மிடி என்ற பொதுத் தரம் வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டும் இன்னொரு கம்பெனியின் சீக்வென்சரும் (சுரங்களை வரிசையாகப் பதிந்து தானே வாசிக்க வைக்கும் கருவி) பேசிக்கொள்ள முடிந்தது. ரகுமான் 1989ல் வீட்டை ஒட்டியே சொந்தக் கூடம் கட்டினார். யாரும் காத்திருக்கத் தேவையில்லை, மணிக்கணக்கு வாடகை இல்லை, ராத்திரி முழுக்க ஒரே ஒரு ஒலியை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். 'ரோஜா'வின் சுத்தமான, இடம் விட்டு ஒலிக்கும் சத்தம் அங்கே பிறந்தது.

'நெவர்மைண்ட்' இதற்கு நேர் எதிர். மூன்று பேர் கொண்ட குழு, பெரிய அறையில் டிரம்ஸ், டேப்பில் பதிவு, கிதாரின் இரைச்சலை ஒளிக்காமல் முன்னால் வைத்தது. அங்கே அப்போது புளித்துப் போயிருந்தது 1980களின் பளபளப்பும் கீபோர்டும். இங்கே புதுசாக இருந்தது அதே கீபோர்டு. ஒரே சேர்க்கையில் பிறந்த இருவரும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கிறார்கள். 'இருவரும் மாற்றினார்கள்' என்று மட்டும் சொன்னால் எந்த வெற்றி பெற்ற கலைஞருக்கும் அது பொருந்துமே.

இன்னொரு கேள்வி. தலைமுறையின் இசை என்றால் படைத்தவர் தலைமுறையா, கேட்டவர் தலைமுறையா? ராக் அண்ட் ரோல் தொடங்கிய சக் பெர்ரி 1926, லிட்டில் ரிச்சர்ட் 1932, எல்விஸ் 1935. உங்கள் கணக்கில் மூவருக்கும் புளூட்டோ கடகத்தில். 1956ல் எல்விஸைப் பார்த்துக் கத்திய பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சிம்மத்தில். அப்படியானால் ராக் அண்ட் ரோல் கடகமா, சிம்மமா?

கோசாரம்:

தம்பி தந்திவீணைக்கு,

நான் குடும்பத் தொழிலாக ஜோதிடம் பார்ப்பவன். உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் அடிப்படையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, நம் மரபில் ஒன்பது கிரகம்தான். யுரேனஸ் 1781ல், நெப்டியூன் 1846ல், புளூட்டோ 1930ல் கண்டுபிடிக்கப்பட்டவை. இவற்றுக்கு இந்தப் பலன் என்று சொல்ல நம்மிடம் பழைய நூல் கிடையாது. நூறு தலைமுறை பார்த்துப் பழகி எழுதியது எதுவும் இல்லை. புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அது தன் பாதையில் பாதிச் சுற்றுக்கூட முடிக்கவில்லை. மேலைநாட்டார் இதற்கு எழுதிய பலன்கள் நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதியவை.

இரண்டாவது, ராசி எங்கே தொடங்குகிறது என்பது. அவர்களுடையது சாயனம், நம்முடையது நட்சத்திரங்களை வைத்து அளக்கும் நிராயணம். இரண்டின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் இன்று ஏறத்தாழ 24 பாகை. சூரியனுக்கு இது 24 நாள் வித்தியாசம், அவ்வளவுதான். நெப்டியூனுக்குக் கிட்டத்தட்ட 11 ஆண்டு. விருச்சிகத்தில் வேகமாகப் போன புளூட்டோவுக்கும் சுமார் 10 ஆண்டு. 1985ல் பிறந்த குழந்தை சாயனத்தில் விருச்சிகத் தலைமுறை, நிராயணத்தில் துலாத் தலைமுறை. நீங்கள் சொன்ன ரகுமான் ஜாதகத்திலேயே நிராயணப்படி புளூட்டோ சிம்மத்தில் நிற்கிறது, யுரேனஸ் கன்னியைத் தொட்டுவிட்டது. சேர்க்கை இரண்டு ராசியில் பிரிந்துவிடுகிறது.

சங்கீதத்துக்கு நாங்கள் பார்ப்பது சுக்கிரன், வாக்கு ஸ்தானமான இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு, ஐந்தாம் வீடு, புதனின் பலம். அதெல்லாம் ஒருவருக்கு ஒருவர் மாறும். ஊருக்கே பொதுவாகப் பலன் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அறுபது வருடத்துக்கும் இடைக்காடர் பெயரில் வெண்பா உண்டு, பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சிடுகிறார்கள். அதில் மழை, விளைச்சல், கால்நடை, அரசர் பகை எல்லாம் வரும். இந்த ஆண்டு பிறந்தவர் இப்படிப் பாடுவார் என்று ஒரு வரிகூடக் கிடையாது. தலைமுறைக்கு ஒரு குணம் என்ற எண்ணமே நம் மரபில் இல்லாதது.

கொக்குவிலான்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எட்டுத்தடம் கருவியைச் சொன்னார், நான் வானொலியைச் சொல்கிறேன்.

இந்தியாவில் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று நினைத்து ஆல் இந்தியா ரேடியோவில் அதற்கு இடம் இல்லாமல் செய்தார். சனங்கள் ரேடியோவைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்தார்கள். இந்தி, தமிழ்ப் பாட்டு எல்லாம் கொழும்பிலிருந்து கடல் கடந்து போனது. கடைசியில் 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் எங்கள் அறிவிப்பாளர்களின் குரலோடு சேர்த்துத்தான் அந்தக் காலப் பாட்டை நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு மந்திரியின் முடிவால் ஒரு தலைமுறையின் காது வேறு பக்கம் திரும்பியது. அதற்கு எந்தக் கிரகம் என்று தேடுவீர்கள்?

தந்திவீணை:

கோசாரம் ஐயாவுக்கு நன்றி. சாயனத்தை அவர்கள் நட்சத்திரத்தோடு கட்டவில்லை, பருவத்தோடு கட்டியிருக்கிறார்கள். மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் புள்ளியில் மேஷம் தொடங்கும். அளவுகோல் வேறு, அதற்கான பலனும் வேறு. கலந்தால் குழப்பம்தான். நான் சாயனத்துக்குள்ளேயே நின்று பேசுகிறேன்.

தமிழ் சினிமாவை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ்.விஸ்வநாதன் 1928, புளூட்டோ கடகம். இளையராஜா 1943, சிம்மம். ரகுமான் 1967, கன்னி. ஹாரிஸ் ஜெயராஜ் 1975, யுவன் 1979, துலாம். ஜி.வி.பிரகாஷ் 1987, அனிருத் 1990, விருச்சிகம். ரசிகர்கள் எந்தக் காலம் எந்தக் காலம் என்று பிரிக்கிறார்களோ அதே இடங்களில் ராசி மாறுகிறது. கடகத்தின் உருக்கம் எம்.எஸ்.வி.யின் மெட்டில் இல்லையா? கன்னியின் நுணுக்கம், ஒவ்வொரு ஒலியையும் செதுக்குவது, ரகுமானிடம் இல்லையா? எட்டுத்தடம் சொன்ன 'ராத்திரி முழுக்க ஒரே ஒலியை மாற்றிப் பார்ப்பது' கன்னியேதான்! கருவி எல்லோருக்கும் வந்தது, அதை இப்படிப் பயன்படுத்த ஒருவருக்குத் தோன்றியது. அந்தத் தோன்றுதலைத்தான் நான் தேடுகிறேன்.

கமலாலயம்:

இந்த இழையைப் படித்ததிலிருந்து மனம் திருவாரூரையே சுற்றுகிறது. அந்தப் பக்கத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். ஜோதிடமும் தலைமுறையும் இசையும் ஒரே இடத்தில் சந்தித்ததற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

ஷ்யாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துஸ்வாமி தீட்சிதர் 1775. மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். பதினான்கு ஆண்டுக்குள், ஒரே கமலாலயக் குளத்தைச் சுற்றி. தந்திவீணை சொல்லும் சாயனக் கணக்கில் புளூட்டோ 1762லிருந்து 1778 வரை மகரத்தில். ஷ்யாமா சாஸ்திரி பிறந்த ஆண்டில்தான் ராசியே மாறுகிறது. தலைமுறைக் கிரகம் என்று ஒன்று இருந்தால் அதைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஒரே ஊர், ஒரே மொழிச் சூழல், ஒரே பக்தி மரபு, ஒரே புளூட்டோ.

மூவரும் எப்படிப் பாடினார்கள்? ஷ்யாமா சாஸ்திரி தாளத்தின் உள்மடிப்புகளில் வேலை செய்தவர், காமாட்சியிடம் குழந்தை போலப் பேசியவர். தியாகராஜர் தெலுங்கில், சங்கதி மேல் சங்கதியாக, அதாவது மெட்டை மாற்றி மாற்றிப் பாடி, ஒரு வரியை வளர்த்துக்கொண்டே போனவர். தீட்சிதர் சமஸ்கிருதத்தில், மெதுவான விளம்ப காலத்தில், வீணையின் இழுப்போடு ராகத்தை முழுதாக வரைந்தவர். இந்த மூன்று பாணியையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பிரித்துவிடலாம். என் மாணவர்களில் பத்து வயதுப் பிள்ளைகள் பிரிக்கிறார்கள்.

இதில் இன்னும் அழகான இடம், கிரகங்களைப் பற்றியே அவர்கள் எடுத்த நிலை. தீட்சிதர் நவக்கிரகக் கிருதிகள் செய்தார். சூரியனுக்குச் சௌராஷ்டிரம், சந்திரனுக்கு அசாவேரி, செவ்வாய்க்குச் சுருட்டி, புதனுக்கு நாட்டைக்குறிஞ்சி, குருவுக்கு அடாணா, சுக்கிரனுக்குப் பரஸ், சனிக்கு யதுகுலகாம்போதி. ஏழு வாரத்துக்கு ஏழு கிருதி, அதில் சூளாதி சப்த தாளங்கள் ஏழும் வந்துவிடும். தம்பியப்பன் என்ற மாணவருக்குத் தீராத வயிற்றுவலி, ஜாதகத்தில் குரு சரியில்லை என்று கண்டு அவருக்காகக் குரு கிருதியை முதலில் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. சுக்கிரன் கிருதியின் சரணத்தில் ராசி, அம்சம், வீடு என்று ஜோதிடச் சொற்களே நிறைந்திருக்கும். ஜோதிடம் முறையாகத் தெரியாதவர் அதை எழுதியிருக்க முடியாது.

அதே ஊரில், அவருக்கு எட்டு ஆண்டு முன் பிறந்த தியாகராஜர் ரேவகுப்தி ராகத்தில் ஒரு கிருதி பாடினார். கிரகபலம் என்ன பலம், ராமனின் அருள்பலமே பலம் என்று கேட்கும் பாட்டு. நமக்கு இது புதிதும் இல்லை. அதே சோழநாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, வேதாரண்யத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரிடம் நாள் சரியில்லை, கோள் சரியில்லை என்று அப்பர் தடுக்க, சிவனடியாருக்கு எல்லாக் கோளும் நல்லவையே என்று கோளறு பதிகம் பாடினார்.

ஆக ஒரே தலைமுறையில், ஒரே ஊரில், ஒருவர் கிரகத்தைப் போற்றிப் பாட, ஒருவர் கிரகத்தால் என்ன ஆகும் என்று பாடியிருக்கிறார். திருவாரூர்க் கோயிலில் நவக்கிரகங்கள் ஆளுக்கொரு திசை பார்க்காமல் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இருவரும் நினைவுக்கு வருவார்கள்.

கடைசியாக ஒன்று. பீத்தோவன் 1770ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர். அவருக்கும் புளூட்டோ அதே மகரத்தில்தான். திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்துக்கொண்டு, அதாவது வீதியில் பாடி அரிசி பெற்றுக்கொண்டு, தியாகராஜர் வாழ்ந்தபோது வியன்னாவில் அவர் சிம்ஃபனி எழுதிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக என்ன இசைப் பாணி இருக்கிறது?

தந்திவீணை:

டீச்சர், இதைப் படிக்கவே இழை தொடங்கியது போல இருக்கிறது. ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமும் பேசுகிறது என்று நினைக்கிறேன்.

மகரம் என்றால் கட்டுமானம். காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒழுங்கு செய்வது. மும்மூர்த்திகள் என்ன செய்தார்கள்? கிருதி என்ற வடிவத்தை, பல்லவி அனுபல்லவி சரணம் என்று, இருநூறு ஆண்டு கழித்தும் கச்சேரியின் முதுகெலும்பாக நிற்கிற மாதிரி நிலைநிறுத்தினார்கள். பீத்தோவன் என்ன செய்தார்? சிம்ஃபனி என்ற வடிவத்தைப் பின்னால் வந்த எல்லோரும் அவரோடு அளந்து பார்க்க வேண்டிய மலையாக்கினார். பாணி வேறுதான். இரண்டு இடத்திலும் வடிவத்தைக் கட்டிய தலைமுறை அது. தலைமுறைக் கிரகம் பாணியைச் சொல்லாது, அந்தத் தலைமுறையின் வேலையைச் சொல்லும் என்று என் கருத்தைக் கூர்மைப்படுத்திக்கொள்கிறேன்.

தூறல்98:

நான் 1998ல் பிறந்தவள். என் போனில் இப்போது வரிசையாக இருப்பவை: 1980களின் ராஜா பாட்டு நாலு, கானா இரண்டு, கொரியப் பாட்டு ஒன்று, சஞ்சய் சுப்ரமணியன் ராகம் தானம் பல்லவி ஒன்று, இந்த வருடம் வந்த சினிமாப் பாட்டு. என் வகுப்புத் தோழிகள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான். அப்பா தலைமுறைக்கு ரேடியோவில் என்ன போட்டார்களோ அதுதான் பாட்டு. எங்களுக்கு எல்லாக் காலமும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. எங்களைத் தனுசுத் தலைமுறை என்று சொன்னால், அண்ணா, தனுசின் இசை எது? தூரதேசம், பரந்த மனம் என்று நூலில் இருக்கும் என்று தெரியும். ஆனால் இணையம் வந்தபின் பிறந்த எந்த ராசிக்காரரும் இப்படித்தானே கேட்டிருப்பார்?

நூலகத்திண்ணை:

தூறல்98 சொன்னதோடு இரண்டு தகவல்.

கார்ல் மன்ஹைம் என்ற சமூகவியலாளர் 1928ல் தலைமுறை பற்றி எழுதிய கட்டுரை இன்றும் அடிப்படையாகப் படிக்கப்படுகிறது. ஒரே ஆண்டில் பிறப்பது மட்டும் ஒருவரைத் தலைமுறை ஆக்காது. ஒரே வரலாற்று நிகழ்வுகளில், ஒரே சமூகச் சூழலில், இளம் வயதில் சேர்ந்து ஆட்பட வேண்டும் என்பது அவர் வாதம். பீத்தோவனும் தியாகராஜரும் சமவயதினர், ஆனால் ஒரு தலைமுறை ஆகமாட்டார்கள். ஒருவர் பிரெஞ்சுப் புரட்சியின் காலத்தில் வளர்ந்தார், இன்னொருவர் தஞ்சை மராட்டியர் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போகும் காலத்தில் வாழ்ந்தார்.

இன்னொன்று, 1989ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பல வயதினருக்குப் பல பத்தாண்டுகளின் பிரபலப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவர் ஏறத்தாழ 23, 24 வயதில் இருந்தபோது வந்த பாட்டுகளின் மேல்தான் விருப்பம் உச்சத்தில் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னும் இளமையான வயதைச் சொல்கின்றன. எப்படி இருந்தாலும் காதைத் தீர்மானிப்பது பிறந்த நாளுக்கு வெகுகாலம் கழித்து வரும் ஆண்டுகள்.

கமலாலயம்:

தந்திவீணை, 'வடிவத்தைக் கட்டிய தலைமுறை' என்று எழுதியதைப் பல தடவை படித்தேன். அழகான வாக்கியம். ஆனால் புளூட்டோ அப்போது மீனத்தில் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? 'பக்தியில் கரைந்த தலைமுறை. பீத்தோவனும் ஒன்பதாவது சிம்ஃபனியில் மனிதகுலம் முழுவதையும் தழுவினார்.' அதுவும் பொருந்தும். கும்பம் என்றால் புதுமை. தியாகராஜர் அதுவரை யாரும் அதிகம் தொடாத ராகங்களில் பாடினார், பீத்தோவன் சிம்ஃபனிக்குள் மனிதக் குரலைக் கொண்டுவந்தார். அதுவும் பொருந்தும். பெரிய கலைஞர்களிடம் எல்லாக் குணமும் இருக்கும். எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கிற பூட்டை வைத்துக்கொண்டு எது சரியான சாவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த இரண்டு உலகமும் உண்மையிலேயே தொட்டுக்கொண்ட இடம் ஒன்று இருக்கிறது. தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கம்பெனி பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஆங்கிலேயரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். வயலின் இல்லாத கச்சேரியை இன்று நினைக்க முடியுமா? அதைக் கொண்டுவந்தது கப்பலும் கம்பெனியும்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் தொழிலால் சங்கீதக்காரர். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், 24 சிம்ஃபனி எழுதியவர். 1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்தில் தானே செய்த தொலைநோக்கியில் அதைப் பார்த்தார். அதற்கு 162 ஆண்டு முன் கெப்ளர், கிரகங்களின் வேகத்தையே சுரங்களாக எழுதி ஒரு நூல் போட்டார். கிரகம் சூரியனுக்கு அருகில் வரும்போதும் விலகும்போதும் உள்ள வேக விகிதம் அவருக்குச் சுர இடைவெளி. செவ்வாய்க்கு 2:3, அது ச-ப. பூமிக்கு 15:16, ஒரு சின்ன அரைச்சுரம்தான். வானமும் சங்கீதமும் இப்படிக் கணக்கில் சேர்ந்தே இருந்தவை. நம்மிடமும் மேளகர்த்தா என்ற தாய் ராகத்தின் பெயரில் உள்ள எழுத்துகளை வைத்து எண் கொடுக்கும் கடபயாதி முறையும் வானியல் வாக்கியக் கணக்குக்குப் பயன்பட்ட கடபயாதியும் ஒன்றுதான். மேசகல்யாணியில் ம 5, ச 6, திருப்பினால் 65வது மேளம். இந்த உறவை நான் மனதார நம்புகிறேன். பிறந்த ஆண்டு பாணியைத் தரும் என்பதற்கு அது சான்றாகாது, அவ்வளவுதான்.

எட்டுத்தடம்:

டீச்சர் சொன்ன பூட்டுச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் எழுதி வைத்துவிட்டு, பிறகு கேட்க வேண்டும்.

கருவி காரணமா, பிறப்பு காரணமா என்று பிரிக்க ஒரே ஆண்டில் வந்த பாட்டுகளை எடுக்கலாம். 2012 அதற்குக் கச்சிதமான ஆண்டு. இளையராஜாவுக்கு 'நீதானே என் பொன்வசந்தம்'. ரகுமானின் 'கடல்' பாட்டுகள் அந்த ஆண்டுக் கடைசியில் வந்தன. ஹாரிஸுக்கு 'துப்பாக்கி', யுவனுக்கு 'பில்லா 2', இமானுக்குக் 'கும்கி', சந்தோஷ் நாராயணனுக்கு 'அட்டகத்தி', ஜி.வி.பிரகாஷுக்குத் 'தாண்டவம்', அனிருத்துக்கு '3'. 1943லிருந்து 1990 வரை பிறந்தவர்கள், ஒரே ஆண்டில், ஒரே சந்தையில், ஏறக்குறைய ஒரே மென்பொருளோடு. கருவியும் காலமும்தான் தலைமுறை என்றால் இந்தப் பாட்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்திருக்க வேண்டும். பிறப்பில் ஏதாவது இருந்தால் ராசிவாரியாகப் பிரிய வேண்டும். பாடகர் குரல் இல்லாத இடையிசைத் துண்டுகளை நான் வெட்டித் தருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. ராஜாவின் துண்டு தனியாகத் தெரிந்தால் அது சிம்மமா, அல்லது அவர் எழுபதுகளில் கற்ற பழக்கமா என்ற கேள்வி நிற்கும். அதனால் வயதில் நெருங்கியவர்களைப் பிரிப்பதுதான் உண்மையான சோதனை. இமானும் சந்தோஷும் 1983, உங்கள் கணக்கில் துலாத்தின் கடைசி. ஜி.வி.பிரகாஷ் 1987, விருச்சிகம். நாலு ஆண்டுதான். அங்கே கோடு தெரிய வேண்டும்.

கோசாரம்:

இது நல்ல யோசனை. நிராயணத்தையும் சேர்த்துச் சோதிக்கலாம், ஏனென்றால் அது வேறு இடத்தில் கோடு போடுகிறது. இப்போதே கணித்துப் பார்த்துவிட்டேன். நிராயணப்படி ஹாரிஸுக்கும் யுவனுக்கும் புளூட்டோ கன்னியில். இமான், சந்தோஷ் நாராயணன், ஜி.வி.பிரகாஷ், அனிருத் நால்வருக்கும் துலாத்தில். சாயனம் யுவனையும் சந்தோஷையும் ஒன்றாக்கி ஜி.வி.யைப் பிரிக்கிறது. நிராயணம் யுவனைப் பிரித்து சந்தோஷையும் ஜி.வி.யையும் ஒன்றாக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. இரண்டுமே பொருந்தாமல் போகலாம், அதற்கும் நான் தயார். தனி ஜாதகத்தில் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

தந்திவீணை:

ஒப்புக்கொள்கிறேன். துண்டுகளைக் கேட்பதற்கு முன்பே எழுதி வைக்கிறேன், பின்னால் மாற்றமாட்டேன்.

துலாத் தலைமுறை (1972-84): இனிமையான ஒத்திசைவு முன்னால் நிற்கும், இரண்டு மெட்டு சேர்ந்து ஓடும் இடங்கள் அதிகம், திடீர்த் திருப்பம் குறைவு. விருச்சிகத் தலைமுறை (1984-95): தாழ்ந்த ஒலிகள் அதிகம், மௌனத்துக்குப் பிறகு வெடிக்கும் இடங்கள் அதிகம், சிறிய மூன்றாம் சுரம் கொண்ட மெட்டுகள் அதிகம். நாட்டைக்குறிஞ்சியைக் காது கேட்டதும் கண்டுபிடிக்கிற மாதிரி, இவை எண்ணிப் பார்க்கக்கூடியவை. இமானும் சந்தோஷும் துலாம் பக்கமும் ஜி.வி.யும் அனிருத்தும் விருச்சிகம் பக்கமும் விழாவிட்டால், புளூட்டோ ராசி திரையிசையின் பாணியைக் காட்டுகிறது என்று இனி இந்தக் குழுவில் எழுதமாட்டேன்.

கேட்பவர்களில் டீச்சரின் மாணவர்களும் தூறல்98ன் தோழிகளும் இருந்தால் நல்லது. பெயர் பார்க்காமல் கேட்கும் காது அவர்களுக்கு இருக்கிறது.

தூறல்98:

நான் நாலைந்து பேரைச் சேர்க்கிறேன். அனிருத் பாட்டைக் குரல் இல்லாமலே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை அழைக்கிறேன்.

கமலாலயம்:

என் பக்கம் மூத்த மாணவர்கள் ஆறு பேர் வருவார்கள். சினிமாப் பாட்டு அதிகம் கேட்காதவர்கள், அதனால் பொருத்தம்.

எட்டுத்தடம்:

இசையமைப்பாளர் ஒருவருக்கு ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் முப்பது நொடி. கோப்புகளுக்கு எண் மட்டும் போடுகிறேன். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கோசாரம் ஐயாவிடம் மட்டும் இருக்கட்டும். மதிப்பெண் தாளை நூலகத்திண்ணை தயாரித்தால் அடுத்த வாரம் தொடங்கலாம்.